தொடாமல் மோது!

உலகிலேயே மிகக் குளிர்ந்த மூலக்கூறுகள், ஒன்றையொன்று நெருங்கியதுமே அழிந்துகொண்டிருந்தன. கண்ணுக்குத் தெரியாத மின்புலமும் நுண்ணலையும் அவற்றுக்குக் கவசமான கதை இது.

அமெரிக்காவின் கொலராடோ மாநிலம், போல்டர் நகரம். ராக்கி மலையடிவாரத்தில் இருக்கிறது ஜைலா ஆய்வகம். 2010-ஐ ஒட்டிய நாட்கள். ஓர் அறையில் மேசை முழுக்கக் கண்ணாடிகள், லென்ஸுகள், குறுக்கும் நெடுக்குமாகப் பாயும் லேசர் கதிர்கள். இத்தனைக்கும் நடுவே, காற்றை ஒட்ட உறிஞ்சியெடுத்த ஒரு சிறு கண்ணாடிக் கலன். அதற்குள், சுவரில் எங்கும் படாமல், ஒளியின் பிடியில் மட்டும் ஒரு மேகம் மிதக்கிறது. ஆயிரக்கணக்கான மூலக்கூறுகள் சேர்ந்தும் அதன் அகலம் ஒரு தலைமுடியின் தடிமன் அளவுக்குத்தான் இருக்கும்.

ஆய்வாளர்கள் அந்த மேகத்தின் மீது ஒளி பாய்ச்சுகிறார்கள். எதிர்ப்பக்கக் கேமராவில் நிழல் விழுகிறது. நிழல் எவ்வளவு கருப்பு என்று பார்த்துத் தலை எண்ணுகிறார்கள். எண்ணி முடிப்பதற்குள் மேகம் கலைந்துவிடும், ஏனென்றால் படம் பிடிக்கும் ஒளியே அதைச் சிதறடித்துவிடுகிறது. ஆகவே மறுபடி முதலிலிருந்து தொடங்கி, புது மேகம் ஒன்றை உண்டாக்கி, இந்த முறை கால் விநாடி காத்திருந்து படம் எடுக்கிறார்கள். அடுத்தது அரை விநாடி. அதற்கடுத்தது ஒரு விநாடி. ஒவ்வொரு புள்ளியாகத் திரையில் ஒரு கோடு உருவாகிறது.

கோடு சரிந்துகொண்டே போகிறது.

கலனில் கசிவு இல்லை. லேசரில் பிசகு இல்லை. மூலக்கூறுகள் மட்டும் குறைந்துகொண்டே இருக்கின்றன. ஆண்டுக்கணக்கில் பாடுபட்டு உருவாக்கிய, மனிதர் கைவசப்பட்ட மிகக் குளிர்ந்த மூலக்கூறு மேகம் விநாடிக் கணக்கில் கரைகிறது.

அந்தச் சரிவை நிறுத்தப் பல நாட்டு ஆய்வகங்களுக்குப் பத்தாண்டுக்கு மேல் ஆனது. நிறுத்தியது எந்தக் கெட்டிச் சுவரும் அல்ல. நம் செல்பேசிக் கோபுரம் வீசும் அதே வகை அலை!

எதற்காக இவ்வளவு குளிர்?

வெப்பம் என்பது அணுக்களின் ஓட்டம். நம் அறைக் காற்றில் இருக்கும் மூலக்கூறுகள் விநாடிக்குச் சுமார் 500 மீட்டர் வேகத்தில் ஓடுகின்றன. அந்த ஓட்டத்தை அடக்க அடக்கக் குளிர் கூடும். மைனஸ் 273.15 டிகிரி செல்சியஸ்தான் கீழெல்லை, அதுவே பூச்சியக் கெல்வின். போல்டர் மேகம் அந்த எல்லைக்கு மேலே ஒரு டிகிரியில் பத்து லட்சத்தில் ஒரு பங்குகூட இல்லாத உயரத்தில் இருந்தது. அங்கே மூலக்கூறின் வேகம் விநாடிக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர். ஓர் எறும்புக்கு அதைவிட அவசரம் இருக்கும்.

இப்படி மெதுவானதும் பொருளின் குணமே மாறுகிறது. குண்டுமணி போல் இருந்த துகள், அலையாகப் பரவுகிறது. போல்டர் மூலக்கூறு ஒவ்வொன்றின் அலையும் அதன் உருவைவிட நூற்றுக்கணக்கான மடங்கு அகன்றது. அலைகள் ஒன்றன்மேல் ஒன்று படியும்போது, தனித்தனித் துகள்கள் என்ற பேச்சே போய், மேகம் முழுவதும் ஒரே குவாண்டம் பொருளாக நடந்துகொள்ளத் தொடங்கும்.

அணுக்களை வைத்து இதை 1995-லேயே செய்துவிட்டார்கள். எரிக் கார்னெல், கார்ல் வீமன், வொல்ஃப்காங் கெட்டர்லே மூவருக்கும் 2001-இல் நோபல் பரிசும் கிடைத்தது. பிறகு ஏன் மூலக்கூறு? அணுக்கள் பெரும்பாலும் அண்டை வீட்டாரைக் கண்டுகொள்ளாத குணம் உள்ளவை. மிக அருகில் வந்து இடித்தால்தான் ஒன்றையொன்று உணரும். வெவ்வேறு இரு அணுக்கள் சேர்ந்த மூலக்கூறு அப்படியல்ல. அதன் ஒரு முனையில் எதிர் மின்னேற்றம் சற்றுக் கூடுதல், மறுமுனையில் சற்றுக் குறைவு. அதாவது, அது மின்சாரத்தால் ஆன ஒரு குட்டிக் காந்தத் துண்டு, ஓர் இருமுனை. தூரத்தில் இருந்தபடியே பக்கத்து மூலக்கூறைத் தள்ளும், இழுக்கும், திருப்பும். குவாண்டம் கணினி கட்ட நினைப்பவர்களும், புதுவகைப் பொருள்களைச் செய்து பார்க்க நினைப்பவர்களும் தேடுவது இந்தத் தூரத்து உறவைத்தான்.

2008-இல் ஜைலாவில் டெபோரா ஜின், ஜுன் யே இருவரின் குழு பொட்டாசியத்தையும் ருபீடியத்தையும் முதலில் அணுக்களாகக் குளிர்வித்து, காந்தப்புலத்தால் ஜோடி சேர்த்து, இரண்டு லேசர்களால் அந்த ஜோடிகளை மிகத் தாழ்ந்த ஆற்றல் நிலைக்கு இறக்கியது. அந்தக் கட்டுரையின் முதல் ஆசிரியர் காங்-குவென் நி, அப்போது ஆய்வு மாணவி. இந்தக் கதையில் அவர் திரும்பத் திரும்ப வருவார்.

மூலக்கூறு மேகம் கிடைத்துவிட்டது. இனி இன்னும் கொஞ்சம் குளிர்விக்க வேண்டியதுதான் பாக்கி என்று எல்லோரும் நினைத்தார்கள்.

---

பெட்டிச் செய்தி: குளிரின் அளவுகோல்

• மைனஸ் 273.15 டிகிரி செல்சியஸ்: பூச்சியக் கெல்வின். இதற்குக் கீழே வெப்பநிலை கிடையாது.

• 2.7 கெல்வின்: நட்சத்திரங்களுக்கு இடையே உள்ள வெறும் விண்வெளி.

• 21 நானோகெல்வின்: ஜெர்மனியின் கார்ஷிங்கில் 2022-இல் சோடியம்–பொட்டாசியம் மூலக்கூறுகள் தொட்டது. (ஒரு நானோகெல்வின் என்பது ஒரு டிகிரியில் நூறு கோடியில் ஒரு பங்கு.)

• 6 நானோகெல்வின்: நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் 2024-இல் சோடியம்–சீசியம் மூலக்கூறுகள் தொட்டது. அங்கே ஒரு மூலக்கூறின் வேகம் விநாடிக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர்.

---

மோதினால்தான் குளிரும், மோதினால்தான் சாகும்

சிக்கலின் முடிச்சைப் புரிந்துகொள்ள நம் வீட்டு மண்பானை போதும். பானையின் துளைகள் வழியே கசியும் நீரில், வேகமான மூலக்கூறுகள் ஆவியாகிப் பறந்துவிடும். மெதுவானவை தங்கும். தங்கிய நீர் சில்லென்று ஆகும். அதிகுளிர் ஆய்வகத்தின் கடைசிக் கட்டமும் இதுவே. மேகத்தைப் பிடித்துவைத்திருக்கும் ஒளிக்கிண்ணத்தின் விளிம்பை மெல்லத் தாழ்த்துவார்கள், வேகமானவை வழிந்து போகும், மிச்சம் குளிரும்.

ஆனால், ஒரு நிபந்தனை உண்டு. வேகமானவை போனபின் மீதமிருப்பவை ஒன்றோடொன்று மோதி, ஆற்றலைப் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். அப்போதுதான் புதிதாகச் சில வேகம் பிடித்து வெளியேறும். மோதலே இல்லாவிட்டால் குளிர்ச்சி அங்கேயே நின்றுவிடும்.

பொட்டாசியம்–ருபீடியம் மூலக்கூறுகளுக்கோ மோதல்தான் எமன். இரண்டு மூலக்கூறுகள் நெருங்கினால் அணுக்கள் ஜோடி மாறிக்கொள்கின்றன. பொட்டாசியம் பொட்டாசியத்தோடு, ருபீடியம் ருபீடியத்தோடு சேர்ந்துவிடும். அந்த மாற்றத்தில் வெளியாகும் ஆற்றல், ஒளிக்கிண்ணத்தின் ஆழத்தைவிட மிகப் பெரியது. புதிய ஜோடிகள் எகிறிக் குதித்துக் காணாமல் போகும். ஒரே மோதலில் இரண்டு இழப்பு.

பூச்சியத்தை ஒட்டிய குளிரில் வேதிவினை உறைந்து நின்றுவிடும் என்றுதான் பாடப்புத்தகம் படித்த யாருக்கும் தோன்றும். 2010-இல் ஜைலா குழு அளந்து காட்டியது வேறு. வினை தாராளமாக நடந்தது. ஒரே நிலையில் உள்ள மூலக்கூறுகள் சற்றுத் தாக்குப் பிடித்தன. அவை ஃபெர்மியான் இனத்தைச் சேர்ந்தவை என்பதால், அச்சாக ஒரே மாதிரி இருக்கும் இரண்டு நெருங்க இயற்கையே ஒரு தடை போடுகிறது. அணுக்கருவின் தற்சுழற்சியில் சிறு வேறுபாடு உள்ள மூலக்கூறுகளைக் கலந்தபோது அந்தத் தடை விலகியது, அழிவு 10 முதல் 100 மடங்கு வேகமானது.

அடுத்த அடி இன்னும் கடுமை. மூலக்கூறுகளின் இருமுனைக் குணத்துக்காகத்தானே இவ்வளவு பாடு? அந்தக் குணத்தை வெளிக்கொணர மின்புலம் கொடுத்தார்கள். தூண்டப்பட்ட இருமுனையின் வலு கூடக்கூட, இழப்பு அதன் ஆறாவது அடுக்காக ஏறியது. வலு இரட்டித்தால் இழப்பு 64 மடங்கு! எதை நம்பி மூலக்கூறுகளைத் தேடிப் போனார்களோ, அதுவே மூலக்கூறுகளைக் கொன்றது.

வினை புரியாதவையும் மறைந்தன

வினை நடக்காத மூலக்கூறுகளை எடுத்தால் என்ன? 2010-லேயே பியோட்டர் ஸுகோவ்ஸ்கி, ஜெரமி ஹட்ஸன் என்ற இரு கோட்பாட்டாளர்கள் கணக்குப் போட்டுப் பட்டியல் தந்திருந்தார்கள். சோடியம்–பொட்டாசியம், சோடியம்–ருபீடியம், சோடியம்–சீசியம், ருபீடியம்–சீசியம் ஆகியவற்றில் ஜோடி மாற்றத்துக்கு ஆற்றல் போதாது. எனவே வினை நடக்காது. நம்பிக்கை பிறந்தது. ஆஸ்திரியாவின் இன்ஸ்ப்ரூக், இங்கிலாந்தின் டர்ஹாம், அமெரிக்காவின் எம்.ஐ.டி., ஹாங்காங் என்று அடுத்தடுத்து இந்த மூலக்கூறுகளை உருவாக்கினார்கள்.

அவையும் மறைந்தன. வேகமும் ஏறக்குறைய அதேதான்.

ஒரு விளக்கத்தைக் கோட்பாட்டாளர்கள் ஏற்கெனவே வைத்திருந்தார்கள். இரண்டு மூலக்கூறுகள் மோதியதும் நான்கு அணுக்களும் ஒரு குழம்பிய கொத்தாகச் சிறிது நேரம் ஒட்டிக்கொள்கின்றன. பிரிந்து போகும் வழியைத் தேடி அவை உள்ளேயே சுழன்றுகொண்டிருக்கும். அந்தக் கொத்தின் மீது, மேகத்தைப் பிடித்துவைத்திருக்கும் அதே லேசர் ஒளி பட்டால் போதும், கதை முடிந்தது. ஹார்வர்டில் சொந்த ஆய்வகம் அமைத்திருந்த காங்-குவென் நி, தம் குழுவோடு 2019-இல் பொட்டாசியம்–ருபீடியம் கொத்தையே நேரடியாகப் பிடித்துக் காட்டினார். மறு ஆண்டு, ஒளி அதை எப்படி அழிக்கிறது என்பதையும் காட்டினார்கள்.

அத்தோடு புதிர் தீர்ந்துவிடவில்லை. 2021-இல் ஜெர்மனியின் கார்ஷிங்கிலும் ஹானோவரிலும் சோடியம்–பொட்டாசியம் மேகங்களில் ஒளியை விட்டுவிட்டு அணைத்துப் பார்த்தார்கள். இருட்டிலும் இழப்பு தொடர்ந்தது. நான்கு அணுக்கள் நெருங்கிப் பின்னிக்கொள்ளும் அந்தச் சிறு இடத்தில் நடப்பது, உலகின் மிகப் பெரிய கணினிகளுக்கும் சிக்காத சிடுக்கு.

இங்கேதான் இந்தத் துறையின் பெரிய திருப்பம் நிகழ்ந்தது. என்னைப் பொறுத்தவரை இந்தக் கதையின் உயிர் அதில்தான் இருக்கிறது. இழப்பை அளந்து அளந்து அவர்கள் கற்ற பாடம் ஒன்றே: நெருங்கிய எந்த ஜோடியும் தப்பவில்லை. அப்படியென்றால் உயிரும் சாவும் தீர்மானமாவது நெருக்கத்தில் அல்ல, நெருங்கும் வழியில். உள்ளே நடக்கும் சிடுக்கை அவிழ்க்க வேண்டாம். உள்ளே போகும் வாசலை அடைத்தால் போதும்! அந்த வாசல் மூலக்கூறின் உருவைவிடப் பன்மடங்கு தள்ளி, சுமார் 50 நானோமீட்டர் தொலைவில் இருக்கிறது. அவ்வளவு தூரத்தில் கணக்கு சுலபம். இரண்டு இருமுனைகள், அவற்றின் சுழற்சி, அவ்வளவுதான்.

கொன்ற புலமே காத்தது

முதல் வாசலை அடைத்ததும் போல்டர்தான். ஜுன் யே குழு, பிரான்ஸின் ஓர்சே நகரில் இருக்கும் கோட்பாட்டாளர் கூல்வென் கெமெனேருடன் சேர்ந்து 2020-இல் அதை வெளியிட்டது. கையில் எடுத்த கருவி மின்புலம். பத்தாண்டு முன்பு மூலக்கூறுகளை வேகமாகக் கொன்ற அதே மின்புலம்!

மூலக்கூறு பம்பரம் போலச் சுழலும். ஆனால், நினைத்த வேகத்தில் சுழல முடியாது. குவாண்டம் விதி அதற்குப் படிக்கட்டு போட்டிருக்கிறது: சுழலாத நிலை, முதல் படி, இரண்டாம் படி. எல்லா மூலக்கூறுகளையும் முதல் படியில் நிறுத்தினார்கள். மின்புலத்தைக் கூட்டக் கூட்டப் படிகளின் உயரம் மாறும். சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 12,000 வோல்ட் என்ற இடத்தில் ஒரு தற்செயல் பொருத்தம் நிகழ்கிறது. இரண்டு மூலக்கூறும் முதல் படியில் இருப்பதற்கும், ஒன்று கீழே இறங்கி மற்றொன்று இரண்டாம் படிக்கு ஏறுவதற்கும் ஒரே ஆற்றல்.

ஒரே ஆற்றலில் இரண்டு நிலைகள் சந்தித்தால் அவை ஒன்றையொன்று விலக்கும். அந்த விலக்கம் மூலக்கூறுகளுக்கு இடையிலான விசையாகவே மாறிவிடுகிறது. புலம் அந்தப் பொருத்தத்துக்கு ஒரு பக்கம் இருந்தால் விசை ஈர்க்கும், மூலக்கூறுகள் விட்டில்பூச்சிபோல் அழியும். சற்றே மறுபக்கம் நகர்த்தினால் விசை தள்ளும், மூலக்கூறுகள் நெருங்காமலே திரும்பும். அந்தக் குறுகிய இடைவெளியில் இழப்பு வேகத்தை ஆயிரம் மடங்கு வரை ஏற்றி இறக்க முடிந்தது. தள்ளும் பக்கத்தில், வழக்கமான அளவில் பத்தில் ஒரு பங்காக அது குறைந்தது.

இதைக் காண டெபோரா ஜின் இல்லை. 2016 செப்டம்பரில், தம் 47-ஆம் வயதில், புற்றுநோய்க்கு இரையாகியிருந்தார். சரியும் கோட்டை முதலில் துல்லியமாக வரைந்தவர்களில் அவரும் ஒருவர். அவர் தொடங்கிவைத்த அளவீடுகள் இல்லாமல், எங்கே கவசம் போட வேண்டும் என்று யாருக்கும் தெரிந்திருக்காது.

நுண்ணலையின் தாளம்

மின்புலக் கவசத்துக்கு, கலனுக்குள் மின்தகடுகள் வேண்டும், பெரிய மின்னழுத்தம் வேண்டும். இன்னொரு வழியை 2018-இல் இரண்டு கோட்பாட்டுக் குழுக்கள் தனித்தனியே முன்வைத்தன. டைஸ் கார்மனும் ஹட்ஸனும் ஒரு பக்கம், லூக்கா லாஸாப்லியேரும் கெமெனேரும் மறுபக்கம். கருவி, நுண்ணலை.

நுண்ணலையின் மின்புலம் ஒரே திசையில் நிற்பதில்லை. வட்டமாகச் சுற்றவும் அதைச் செய்யலாம். மூலக்கூறின் சுழற்சிப் படிகளுக்குப் பொருந்தும் அதிர்வெண்ணைவிடச் சற்றே மேலே அந்த அலையை வைத்தால், மூலக்கூறுகளின் இருமுனைகள் அலையோடு சேர்ந்து சுற்றத் தொடங்கும். கும்மியடிக்கும் பெண்கள் ஒரே தாளத்துக்கு ஒரே திசையில் சுற்றிவருவதை நினைத்துக்கொள்ளுங்கள். மேகத்தில் உள்ள ஒவ்வொரு மூலக்கூறும் அப்படி ஒரு தாளத்துக்குக் கட்டுப்படுகிறது.

இரண்டு மூலக்கூறுகள் நெருங்கும்போது, அவற்றுக்கு இடையிலான விசை அலையின் பிடியைவிட வலுப்பெறும். அந்த நொடியில் இரண்டு இருமுனைகளும் ஒன்றையொன்று தள்ளும் கோலத்துக்கு மாறிவிடுகின்றன. எந்தப் பக்கத்திலிருந்து வந்தாலும் தள்ளல்தான். மோதுகின்றன, ஆற்றலைப் பகிர்ந்துகொள்கின்றன, தொடாமல் திரும்புகின்றன. மண்பானைக்கு வேண்டியது இதுவே.

2021-இல் ஹார்வர்டில் ஜான் டாயில் குழு, கெட்டர்லே, நி ஆகியோருடன் சேர்ந்து முதல் சான்று தந்தது. ஒளியால் ஆன இடுக்கியில் இரண்டே இரண்டு கால்சியம் மோனோஃபுளூரைடு மூலக்கூறுகளைப் பிடித்து வைத்தார்கள். நுண்ணலை அணைந்திருந்தபோது இருந்த இழப்பு, அலை இயங்கியபோது ஆறில் ஒரு பங்காகக் குறைந்தது.

மறு ஆண்டு, மியூனிக் அருகே கார்ஷிங்கில் உள்ள மாக்ஸ் பிளாங்க் குவாண்டம் ஒளியியல் நிலையத்தில், ஸின்-யூ லுவோ, இம்மானுவேல் ப்ளோக் குழு சோடியம்–பொட்டாசியம் மேகத்துக்கு நுண்ணலைக் கவசம் போட்டு ஆவியாக்கிக் குளிர்வித்தது. 21 நானோகெல்வின்! ஃபெர்மியான்களின் குவாண்டம் குணம் முழுதாகத் தலைகாட்டும் எல்லைக்குள் மேகம் நுழைந்தது.

---

பெட்டிச் செய்தி: நம் வீட்டிலும் நுண்ணலை

சமையலறை மைக்ரோவேவ் அடுப்பு 2.45 கிகாஹெர்ட்ஸில் இயங்குகிறது. வைஃபையும் அதன் அக்கம்பக்கத்தில்தான். இந்தியாவில் 5ஜி சேவைக்கு ஒதுக்கிய பட்டைகளில் முக்கியமான ஒன்று 3.3 கிகாஹெர்ட்ஸில் தொடங்குகிறது. சோடியம்–சீசியம் மூலக்கூறின் முதல் சுழற்சிப் படி ஏறத்தாழ 3.5 கிகாஹெர்ட்ஸ். சோடியம்–பொட்டாசியத்துக்கு 5.6.

அடுப்பில் சோற்றைச் சூடாக்கும் அலை, இங்கே ஏன் சூடாக்கவில்லை? அடுப்பில் உள்ள நீர் மூலக்கூறுகள் ஒன்றையொன்று நெருக்கியபடி இருக்கின்றன. அலை அவற்றை ஆட்டும்போது அக்கம்பக்கத்தோடு உரசி, அந்த ஆட்டம் வெப்பமாகச் சிதறுகிறது. கலனுக்குள் உள்ள மூலக்கூறுகள் ஒவ்வொன்றும் தனித்து மிதக்கின்றன. அவை அலையோடு இசைந்து சுற்றுகின்றன, ஆற்றல் சிதற வழியில்லை. ஆனால், அலை மிகச் சுத்தமாக இருக்க வேண்டும். அதில் சிறு இரைச்சல் கலந்தாலும் மூலக்கூறு தாளம் தப்பும், கவசம் ஓட்டையாகும்.

---

நூறாண்டு கழித்து போஸுக்கு ஒரு பதில்

அப்போதும் ஒரு சிகரம் எட்டாமலே இருந்தது. ஃபெர்மியான்களுக்கு இயற்கை தரும் தடையாவது துணை உண்டு. போசான் இனத்து மூலக்கூறுகளுக்கு அதுவும் இல்லை. அவை ஒன்றன்மேல் ஒன்று வந்து விழும். ஆனால், எல்லாமே ஒரே நிலைக்கு இறங்கி ஒரே அலையாகக் கூடும் வரமும் போசான்களுக்கு மட்டும்தான் உண்டு. அதற்குப் பெயர் போஸ்–ஐன்ஸ்டீன் செறிபொருள். 1924 ஜூனில், டாக்கா பல்கலைக்கழகத்தில் ஆசிரியராக இருந்த சத்யேந்திரநாத் போஸ் என்ற இளைஞர் தம் கட்டுரையை ஐன்ஸ்டீனுக்கு அனுப்பிவைத்தார். ஐன்ஸ்டீன் அந்தச் சிந்தனையை விரித்துப் போய்க் கண்டடைந்த முன்கணிப்பு அது.

நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் செபாஸ்டியன் வில், எம்.ஐ.டி.யில் சோடியம்–பொட்டாசியம் மூலக்கூறுகளை உருவாக்கிய குழுவில் இருந்தவர். சொந்த ஆய்வகத்தில் சோடியம்–சீசியத்தைத் தேர்ந்தெடுத்தார். அதன் இருமுனை, போல்டர் மூலக்கூறின் இருமுனையைப் போல எட்டு மடங்கு வலுவானது. நுண்ணலைக் கவசத்தால் அந்த மேகத்தின் ஆயுளை ஒரு விநாடியளவுக்கு நீட்டி, 36 நானோகெல்வின் வரை 2023-இல் இறக்கினார்கள். அங்கே நின்றுவிட்டது.

காரணத்தைத் தேடியபோது கவசத்திலேயே ஒரு குறை தெரிந்தது. வட்டமாகச் சுற்றும் இருமுனைகள் அருகில் வந்தால் தள்ளும், உண்மை. ஆனால், தூரத்தில் இருக்கும்போது, சுற்றும் தளத்தில் அவை மெல்ல ஈர்க்கும். அந்த மெல்லிய ஈர்ப்பில் இரண்டு மூலக்கூறுகள் சிக்கி நிற்கும் வேளையில் மூன்றாவது வந்து சேர்ந்தால், மூன்றுமே போச்சு. இரண்டு பேருக்குக் கட்டிய வாசலில் மூன்று பேர் கூட்டமாக நுழைந்ததுபோல.

நெதர்லாந்தின் நைமேகன் நகரில் இருந்த டைஸ் கார்மனுடன் சேர்ந்து கொலம்பியா குழு கண்ட தீர்வு, இரண்டாவது நுண்ணலை. முதல் அலை வட்டமாகச் சுற்றும், இரண்டாவது மேலும் கீழுமாக ஆடும். ஆடும் அலை உண்டாக்கும் தூரத்து விசை, சுற்றும் அலையின் தூரத்து விசைக்கு நேர் எதிர். அளவறிந்து கலந்தால் ஒன்று மற்றொன்றை அழிக்கும். தூரத்து ஈர்ப்பு மறைந்து, அருகில் உள்ள தள்ளல் மட்டும் மிஞ்சும்.

2024 ஜூனில் முடிவு வெளியானது. 6 நானோகெல்வினில், மேகத்தின் 60 சதவீதம் ஒரே நிலைக்கு இறங்கியிருந்தது. ஆயுள், ஏறக்குறைய 2 விநாடி. இருமுனை மூலக்கூறுகளின் முதல் போஸ்–ஐன்ஸ்டீன் செறிபொருள் அது. டாக்காவிலிருந்து அந்தக் கட்டுரை புறப்பட்டுச் சரியாக நூறாண்டு.

---

பெட்டிச் செய்தி: சரிந்த கோடு நிமிர்ந்த வரலாறு

• 2008: போல்டரில் தாழ்நிலைப் பொட்டாசியம்–ருபீடியம் மூலக்கூறுகள் உருவாகின்றன.

• 2010: அதிகுளிரிலும் வேதிவினை நடப்பது அளந்து காட்டப்படுகிறது.

• 2014–2016: வினை புரியாத மூலக்கூறுகள் வருகின்றன. அவையும் மறைகின்றன.

• 2018: நுண்ணலைக் கவசத்துக்கான கோட்பாடு.

• 2020: போல்டரில் மின்புலக் கவசம்.

• 2021: ஹார்வர்டில் நுண்ணலைக் கவசத்தின் முதல் சான்று.

• 2022: கார்ஷிங்கில் 21 நானோகெல்வின்.

• 2024: கொலம்பியாவில் மூலக்கூறுகளின் போஸ்–ஐன்ஸ்டீன் செறிபொருள்.

---

இனி என்ன கிடைக்கும்?

முதல் பலன் கையில் வந்தே விட்டது: வேதியியலின் மீது ஒரு திருகுகுமிழ். சோதனைக்குழாயில் வினையை நிறுத்த வேண்டுமானால் சூட்டைக் குறைப்போம், பொருளை நீர்க்கவைப்போம். இங்கே புலத்தைச் சற்றுத் திருப்பினால் வினை ஆயிரம் மடங்கு வேகமெடுக்கிறது அல்லது அடங்குகிறது. இரண்டு மூலக்கூறுகள் சந்திக்குமா, சந்திக்காதா என்பதை மனிதர் தீர்மானிப்பது வேதியியல் வரலாற்றில் புதிது.

இரண்டாவது பலனை யாரும் கேட்டுப் பெறவில்லை. கொலம்பியாவுக்குத் தொல்லை தந்த அந்தத் தூரத்து ஈர்ப்பையே கார்ஷிங் குழு வேண்டுமென்று பயன்படுத்திக்கொண்டது. நுண்ணலையை இசைத்து, இரண்டு சோடியம்–பொட்டாசியம் மூலக்கூறுகளை ஒன்றாகப் பிணைத்தார்கள். நான்கு அணுக்கள் கொண்ட புதிய மூலக்கூறு, 134 நானோகெல்வினில்! 2024-இல் வெளியான இந்த ஆய்வில் பிணைப்பைத் தாங்குவது நுண்ணலை. சாதாரண மூலக்கூறுகளைவிடப் பல நூறு மடங்கு நீளமான, நாம் வானொலிக் குமிழைத் திருப்புவதுபோல் இறுக்கவும் தளர்த்தவும் முடிகிற பிணைப்பு அது.

மூன்றாவது, பொருள்களின் மாதிரி. மின்கடத்திகளிலும் காந்தங்களிலும் எலெக்ட்ரான்கள் ஒன்றையொன்று தூரத்திலிருந்தே பாதிப்பதைக் கணினியில் கணக்கிடத் திணறுகிறோம். துகள் எண்ணிக்கை சற்றுக் கூடினாலும் கணக்கு மலைபோல் வளர்கிறது. மூலக்கூறுகளை ஒளியால் ஆன சதுரங்கக் கட்டங்களில் அடுக்கினால் அதே ஆட்டத்தை மூலக்கூறுகளே ஆடிக் காட்டும். போல்டர் குழு 2013-லேயே இதன் முதல் அசைவைக் கண்டது. ஆனால், கட்டங்களில் பாதிக்கு மேல் காலியாகக் கிடந்தன. கவசம் போட்டு மேகத்தைக் குளிர்வித்தால் கட்டங்கள் நிரம்பும். பாயும் திரவமாகவும் ஒழுங்கான படிகமாகவும் ஒரே வேளையில் இருக்கும் மீத்திண்மம் போன்ற விந்தை நிலைகளை, இருமுனை மூலக்கூறுகளில் தேடும் வழியும் திறந்திருக்கிறது.

நான்காவது, குவாண்டம் கணினி. மூலக்கூறுகளை அதன் கியூபிட்களாக (குவாண்டம் பிட்களாக) கொள்ளலாம் என்று டேவிட் டிமில் 2002-லேயே எழுதினார். 2023-இல் பிரின்ஸ்டனிலும் ஹார்வர்டிலும் தனித்தனி இடுக்கிகளில் இருந்த இரண்டு கால்சியம் மோனோஃபுளூரைடு மூலக்கூறுகளைக் குவாண்டம் பின்னலில் இணைத்துக் காட்டினார்கள்.

ஐந்தாவது, பிரபஞ்சத்தைப் பற்றிய கேள்வி. எலெக்ட்ரான் கச்சிதமான உருண்டைதானா, இல்லை, அதன் மின்னேற்றம் துளி ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறதா? சாய்ந்திருந்தால், பிரபஞ்சத்தில் எதிர்ப்பொருள் ஏன் மிச்சமில்லை என்ற கேள்விக்கே துப்புக் கிடைக்கலாம். இதை அளக்க மூலக்கூறுகளே தலைசிறந்த கருவி. இதுவரை வந்த கூரிய அளவீடுகள் வேறு வகை அமைப்புகளில் நடந்தவை. என்றாலும் விதி ஒன்றுதான்: மூலக்கூறு எவ்வளவு நேரம் கலையாமல் நிற்கிறதோ, அவ்வளவு நுட்பமாக அளக்கலாம். ஆயுளை நீட்டும் ஒவ்வொரு வித்தையும் அந்தக் கேள்விக்கு ஒரு படி அருகே நம்மைக் கொண்டுபோகிறது.

எஞ்சியிருக்கும் வேலை

எல்லாம் முடிந்துவிட்டது என்று சொன்னால் அது பொய். கொலம்பியாவின் செறிபொருளில் இருந்த மூலக்கூறுகள் சில நூறுதான். அணுக்களின் செறிபொருள்களில் லட்சக்கணக்கில் இருக்கும். நுண்ணலையின் வடிவத்தில் சிறு பிசகு வந்தாலும் கவசம் பலவீனப்படும். கவசம் போட்டுக் காட்டியவை எல்லாம் ஈரணு மூலக்கூறுகள். வேதியியலின் பெரும் உலகம் அதற்கு அப்பால் இருக்கிறது. கவசத்தின் உள்ளே, அந்த நான்கணுக் கொத்தில் நடப்பது என்ன என்ற பழைய புதிரும் முழுதாக அவிழவில்லை. வாசலை அடைத்துவிட்டோம் என்பதற்காக உள்ளே இருப்பது பொய்யாகிவிடாது. நி போன்றவர்கள் அந்தக் கொத்தையும் விடாமல் கேள்வி கேட்டுக்கொண்டிருப்பது அதனால்தான்.

ஆனாலும் இந்தக் கதை எனக்குத் தந்த நம்பிக்கை பெரிது. ஆய்வகத்தில் ஒரு கோடு சரிந்தால் அதைத் தோல்விக் கணக்கில் எழுதி மூடிவைப்பது எளிது. இவர்கள் அந்தச் சரிவையே பாடமாகப் படித்தார்கள். எந்த வேகத்தில் சரிகிறது, எந்த நிலையில் கூடுகிறது, எந்தப் புலத்தில் மாறுகிறது என்று பத்தாண்டு அளந்தார்கள். அந்த அளவுகள்தான் வாசல் இருக்கும் இடத்தைக் காட்டின. உடனே லாபம் தராத அறிவியலுக்குப் பணம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு, 2008-க்கும் 2024-க்கும் இடைப்பட்ட அந்த 16 ஆண்டுகளைச் சுட்டிக்காட்ட வேண்டும். அடிப்படை ஆய்வுக்கு வேண்டியது அந்த அளவு பொறுமைதான்.

இன்றும் அந்த ஆய்வகங்களில் மேகத்தை உண்டாக்கி, காத்திருந்து, நிழலைப் படம் எடுத்து, தலை எண்ணுகிறார்கள். அதே வேலை. கொலம்பியாவின் மேகம் 2 விநாடி நிற்கிறது. அந்த 2 விநாடிக்குள் நுண்ணலை சுமார் 700 கோடி முறை சுற்றிவருகிறது. அந்த நேரம் முழுக்க மூலக்கூறுகள் நெருங்கி வருகின்றன, தொடாமல் திரும்புகின்றன.